பழைய நாடக நோட்டீஸ் தேடக் கிளம்புகிறவர்களுக்கு: மதுரையிலிருந்து ஒரு வழித்துணை

என் அம்மாவைப் பெற்ற தாத்தா ஆர்மோனியக்காரர். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் திருவிழா இரவுகளில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களுக்குப் பின்பாட்டுப் பாடியவர். அவர் இறந்து பல வருஷம் கழித்துத்தான், எந்தெந்த மேடையில் வாசித்தார், யார் யாருக்கு வாசித்தார் என்று தெரிந்துகொள்ளும் ஆசை எனக்கு வந்தது. நூலகம் நூலகமாகப் போய் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டேன். ஒன்றரை வருஷத்தில் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடைக்கவில்லை. பிறகு தேடும் முறையை மாற்றினேன். அடுத்த எட்டு மாதத்தில் அவர் பெயர் அச்சான 23 நோட்டீஸ்களைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு ராஜபார்ட்டோ (நாயக வேஷம்), ஸ்திரீபார்ட்டோ (பெண் வேஷம்), பபூனோ (கோமாளி) இருந்திருக்கலாம். அல்லது உங்கள் ஊர் மேடையில் அந்தக் காலத்தில் என்ன நாடகம் போட்டார்கள் என்று தெரிய வேண்டியிருக்கலாம். எனக்குப் போன ஒன்றரை வருஷம் உங்களுக்கும் போகவேண்டாம்.

1. ஆள் பெயரை வைத்துத் தேடாதீர்கள்

நான் செய்த பெரிய தவறு இதுதான். நூலகப் பட்டியல்கள் நூலின் தலைப்பு, ஆசிரியர், அச்சகம், ஊர், வருஷம் என்றுதான் இருக்கும். ஒரு நோட்டீஸில் பன்னிரண்டு கலைஞர்களின் பெயர் இருந்தாலும், அந்தப் பன்னிரண்டையும் யாரும் பட்டியலில் ஏற்றியிருக்க மாட்டார்கள். அரசுக் கோப்புகளிலோ துறையும் ஆணை எண்ணும் தேதியும்தான் பேசும்.

ஆகவே உங்கள் கையில் இருக்க வேண்டியவை ஊர், தேதி, நாடகத்தின் பெயர், அச்சகத்தின் பெயர். இந்த நான்கில் இரண்டு கிடைத்தாலே தேடத் தொடங்கலாம். ஆள் பெயர் தானாக வரும்.

இன்னொன்றையும் முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஆள் கம்பெனி நாடகத்தில் இருந்தாரா, ஸ்பெஷல் நாடகத்தில் இருந்தாரா? கம்பெனி என்றால் ஒரே குழுவாக ஊர் ஊராகப் போய் மாதக்கணக்கில் கொட்டகை போட்டு நடத்துவார்கள். தேட வேண்டியது கம்பெனியின் பெயரை. ஸ்பெஷல் நாடகத்தில் ஒவ்வொரு கலைஞரையும் ஏஜென்ட் தனித்தனியாக ஒரு இரவுக்குப் பேசி அழைப்பார். மாலையில் மேடையின் பின்னால்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். இவர்களுக்குக் குழுப் பெயரே கிடையாது. நோட்டீஸும் டைரியும்தான் சாட்சி.

கம்பெனி தேடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பெயரில் ‘மதுரை’ இருப்பதால் அது மதுரையிலேயே நடித்தது என்று நினைத்துவிடாதீர்கள். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, நவாப் ராஜமாணிக்கத்தின் மதுரை தேவி பால வினோத சங்கீத சபா எல்லாம் பல ஊர்களுக்குப் போய் நடித்தவை. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவின் பெயரே ‘வித்வ’, ‘வித்துவ’, ‘சபா’, ‘சபை’ என்று இடத்துக்கு இடம் வேறு மாதிரி இருக்கும். எல்லா எழுத்து வடிவத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

2. முதலில் வீட்டுப் பரணில் ஏறுங்கள்

சென்னைக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் சொந்தக்காரர்களின் வீடுகளை முடித்துவிடுங்கள். டிரங்குப் பெட்டி, சாமி படத்தின் பின்பக்கம், பீரோவின் அடித்தட்டில் விரித்த காகிதம், கல்யாண ஆல்பத்தின் கடைசிப் பக்கம். எனக்குக் கிடைத்த முதல் நோட்டீஸ் பெரியம்மா வீட்டில் ஆர்மோனியப் பெட்டியின் உள்ளே, துருத்திக்கு அடியில் நாலாக மடித்து இருந்தது. ரோஸ் நிறக் காகிதம். மடிப்பில் எலி கடித்து ஒரு ஓட்டை. நடுவில் வள்ளி திருமணம் என்று கொட்டை எழுத்து, சுற்றிலும் வட்ட வட்டமாகக் கலைஞர்களின் படங்கள். பின்பக்கத்தில் தாத்தா பென்சிலால் ‘அட்வான்ஸ் 5, பஸ் 1.20, பாக்கி’ என்று எழுதியிருந்தார். பாக்கிக்கு எதிரே தொகை இல்லை. அந்த இரவுக்கு அவருக்கு முழுச் சம்பளம் வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதனால்தான் சொல்கிறேன், பின்பக்கத்தையும் கட்டாயம் படம் எடுங்கள்.

வீட்டில் கேட்க வேண்டிய கேள்விகளில் முக்கியமானது, ‘நோட்டீஸில் அவர் பெயர் எப்படிப் போடுவார்கள்?’ என்பது. கலைஞர்களின் பெயருக்கு முன்னால் ஓர் ஊர்ப் பெயர் வரும். அது பிறந்த ஊராக இருக்க வேண்டியதில்லை. எந்த ஊரில் குடியிருந்து தேதி (நாடக ஒப்பந்தம்) வாங்கினாரோ அந்த ஊராக இருக்கலாம். என் தாத்தா பிறந்த கிராமத்தின் பெயரோடு நான் தேடிக்கொண்டிருந்தேன். நோட்டீஸில் அவர் ‘மதுரை’தான். பட்டமோ பெயரையே விழுங்கிவிடும். பெரிய எழுத்தில் பட்டம், அதன் கீழே பொடி எழுத்தில் பெயர்.

நோட்டீஸ் மட்டும் தேடாதீர்கள். டைரி தேடுங்கள். ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் எந்தத் தேதியில் எந்த ஊர், என்ன நாடகம், யார் ஏஜென்ட், எவ்வளவு அட்வான்ஸ் என்று குறித்து வைப்பார்கள். பழைய டைரியை யாரும் மதிப்பதில்லை, எடைக்குப் போட்டுவிடுவார்கள். ஒரு டைரி நூறு நோட்டீஸுக்குச் சமம். கேசட் இருந்தால் அதையும் வாங்கி வையுங்கள். பூஞ்சை பிடித்த கேசட்டை வீட்டு டேப்பில் போட்டுப் பார்க்காதீர்கள், நாடா அறுந்துவிடும். கணினிக்கு மாற்றித் தரும் கடைக்காரரிடம் நேரே கொடுத்துவிடுங்கள்.

படம் எடுப்பதற்கு ஸ்கேனர் வேண்டியதில்லை. காலை பத்து மணி வெளிச்சத்தில் ஜன்னல் ஓரத்தில், வெயில் நேரே விழாத இடத்தில் காகிதத்தை விரியுங்கள். பிளாஷ் வேண்டாம். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள், அளவு தெரியும். அன்று இரவே படத்தின் பெயரை மாற்றி வருஷம், மாதம், தேதி, ஊர், நாடகம், யார் வீட்டில் கிடைத்தது என்று போட்டுவிடுங்கள். நான் நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டதில் அறுபது படங்கள் எந்த வீட்டுடையவை என்று தெரியாமல் கலந்துபோயின. அதைச் சரிசெய்ய மறுபடியும் ஐந்து வீடு ஏறி இறங்கினேன்.

3. நோட்டீஸுக்கு வயது கண்டுபிடிப்பது

பல நோட்டீஸ்களில் ஆங்கில வருஷமே இருக்காது. தமிழ் வருஷம், மாதம், தேதி, கிழமை, அவ்வளவுதான். இதைப் படிக்கத் தெரியாமல் எந்தக் காப்பகத்துக்குப் போனாலும் பயனில்லை. அதனால் இந்தப் படிக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள்.

தமிழ் வருஷங்கள் 60. பிரபவ தொடங்கி அட்சய வரை சுற்றி வரும். பிரபவ வந்தது 1927 ஏப்ரலில், அடுத்து 1987 ஏப்ரலில். அதை வைத்து மற்றவற்றை எண்ணிக்கொள்ளலாம். என்னிடம் இருந்த நோட்டீஸ் ‘சார்வரி வருடம் மாசி மாதம் 17’. சார்வரி 1960 ஏப்ரலில் பிறந்தது. நான் 1960 என்று எழுதிவிட்டேன். தவறு. தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில வருஷத்தில் விழும். மார்கழியின் பிற்பாதியும் அப்படியே. ஆகவே அது 1961 பிப்ரவரி கடைசி வாக்கில். இந்த ஒரு பிசகால் பழைய பத்திரிகைக் கட்டில் ஒரு வருஷம் தள்ளித் தேடி மூன்று நாள் போயிற்று. ஸ்பெஷல் நாடகங்களில் பெரும்பகுதி மாசி, பங்குனித் திருவிழாக்களில்தான் வரும் என்பதால் இந்தப் பிசகு எல்லோருக்கும் நேரும்.

அறுபது வருஷச் சுற்றில் எது என்ற சந்தேகம் வந்தால் கிழமையைப் பாருங்கள். தேதியும் கிழமையும் பழைய பஞ்சாங்கத்தோடு ஒத்துப்போனால் சரி.

தமிழ் வருஷமும் இல்லை என்றால் காகிதத்தையே கேட்க வேண்டும். டிக்கெட் விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. நயா பைசா என்றால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். அச்சக முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. ‘சென்னை மாநிலம்’ என்றிருந்தால் 1969 ஜனவரிக்கு முந்தியது. திண்டுக்கல் பக்கத்து ஊரை மதுரை ஜில்லா என்று போட்டிருந்தால் 1985-க்கு முன்னால். ணை, லை, னா, றா ஆகியவை பழைய கொம்பும் சுழியுமாக இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் சின்ன அச்சகங்கள் பழைய ஈய எழுத்தைப் பல வருஷம் வைத்து ஓட்டின, ஆகவே இதை மட்டும் நம்ப வேண்டாம்.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அச்சிட்டவர் பெயரும் ஊரும் போட வேண்டும் என்று 1867-ஆம் வருஷத்து அச்சகச் சட்டம் சொன்னது. அதனால் நோட்டீஸின் அடியில் எறும்பு மாதிரி பொடியாக அச்சகப் பெயர் இருக்கும். ஓர் அச்சகம் ஒரு வட்டாரத்து ஊர்களுக்கே தொடர்ந்து அடித்துக்கொடுத்திருக்கும். அந்த அச்சகத்தின் வாரிசுகள் இப்போது ஃபிளக்ஸ் அடித்துக்கொண்டிருக்கலாம். போய்க் கேளுங்கள். பழைய மாதிரிப் பிரதிகளைக் கம்பியில் குத்தி வைத்திருக்கும் அச்சகம் ஒன்று எனக்குக் கிடைத்தது. 23-இல் 9 அங்கிருந்துதான்.

4. சுண்ணாம்புக்காரத் தெருவுக்குப் போங்கள்

மதுரையில் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களின் சங்கம் சுண்ணாம்புக்காரத் தெருவில் இருக்கிறது. திண்டுக்கல், புதுக்கோட்டை, காரைக்குடியிலும் சங்கங்கள் உண்டு. உங்கள் ஆள் எந்த வட்டாரத்துக்காரரோ அந்தச் சங்கத்தை முதலில் பாருங்கள்.

எப்போது போவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மாசி முதல் வைகாசி வரை சீசன். இரவெல்லாம் நாடகம் ஆடிவிட்டு விடிகாலை பஸ் பிடித்து வந்தவர்களைக் காலை ஒன்பது மணிக்குப் போய் எழுப்பிக் கேள்வி கேட்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் போனால் உட்கார்ந்து பேசுவார்கள். நவம்பர் 13 சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்த நாள் (1922). அவருக்குக் குருபூஜை நடக்கும்போது ஒரே இடத்தில் பலரைப் பார்க்கலாம். ஆனால் அன்று பேட்டி எடுக்காதீர்கள். அறிமுகம் செய்துகொண்டு, வேறு நாள் குறித்துக்கொண்டு வாருங்கள்.

கையோடு நோட்டீஸின் பெரிய பிரிண்ட் ஒன்று கொண்டுபோங்கள். செல்போனில் காட்டினால் வயதானவர்களுக்குத் தெரியாது. நான் ஏ3 அளவில் ஜெராக்ஸ் போட்டு எடுத்துப்போனேன். மூத்த மிருதங்கக்காரர் ஒருவர் அதை மடியில் விரித்து விரலால் தடவிக்கொண்டே வந்தார். என் தாத்தா பெயரைத் தாண்டி ஆல்ரவுண்ட் (பலவகைத் தாளக் கருவிகள்) வாசித்தவர் பெயரில் விரல் நின்றது. “இவரும் இவரும் ஒண்ணா வாசிச்சா அது அந்த ஏஜென்ட்டு செட்டுதாம்மா. அவருக்கு மேலூர்ப் பக்கம்தான் தேதி ஜாஸ்தி. நீ ஏன் உசிலம்பட்டிப் பக்கம் தேடுற?” என்றார். ஒன்றரை வருஷமாக நான் தேடிய திசையே தவறு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. காப்பகத்தில் எத்தனை நாள் உட்கார்ந்திருந்தாலும் இதை எனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆகவே உங்கள் ஆளைப் பற்றி மட்டும் கேட்காமல், நோட்டீஸில் உள்ள ஒவ்வொரு பெயரையும் கேளுங்கள். வெறும் கையோடு போகாதீர்கள். பழம், வெற்றிலை பாக்கு, அவர்கள் இளமையில் நடித்த நோட்டீஸ் உங்களிடம் இருந்தால் அதன் பிரதி. பிரதி கொடுத்தால் அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

ஸ்திரீபார்ட்டாகவோ டான்ஸாகவோ மேடை ஏறிய பெண்களைப் பற்றிக் கேட்கும்போது மிகுந்த கவனம் வேண்டும். நாடகக்காரி என்ற சொல்லால் அவர்கள் பட்ட அவமானம் கொஞ்சமில்லை. பேரன் பேத்திகளுக்கு அந்த விஷயமே தெரியாத வீடுகள் உண்டு. வாசலில் நின்றுகொண்டு ‘உங்க பாட்டி நாடகத்துல நடிச்சாங்களாமே’ என்று தொடங்கிவிடாதீர்கள். சங்கத்தில் யாராவது ஒருவர் மூலமாகச் சொல்லி அனுப்புங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

5. ஊர் மேடையையும் திருவிழாக் கணக்கையும் பாருங்கள்

மதுரையைச் சுற்றிய கிராமங்களில் கோயில் பக்கத்தில் சிமென்ட் நாடக மேடை இருக்கும். நெற்றியிலோ பக்கச் சுவரிலோ கட்டிய வருஷமும் உபயதாரர் பெயரும் பொறித்திருப்பார்கள். வெள்ளையடித்து மறைந்திருந்தால் காலையோ மாலையோ சாய்ந்த வெயிலில் பாருங்கள், எழுத்து தெரியும்.

திருவிழாக் கமிட்டியிடம் பழைய வரவு செலவு நோட்டு இருக்கும். தலைக்கட்டு வரி எவ்வளவு, நாடகத்துக்கு எவ்வளவு, மைக்செட்டுக்கு எவ்வளவு என்று அதில் வரும். இது ஊர்ச் சொத்து. பங்காளிச் சண்டை, வரிப் பாக்கிச் சண்டை எல்லாம் அதற்குள் இருக்கும். வீட்டுக்கு எடுத்துப்போகக் கேட்காதீர்கள். பெரியவர் முன்னிலையில் அங்கேயே உட்கார்ந்து, நாடகச் செலவு வரியை மட்டும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

6. மதுரை நூலகங்கள்

தமிழ்ச் சங்கம் சாலையில் உள்ள நான்காம் தமிழ்ச் சங்கம் 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவியது. பழைய நூல்களும் பத்திரிகைகளும் அங்கே பார்க்க வேண்டியவை. பக்கத்திலேயே சிம்மக்கல்லில் மாவட்ட மைய நூலகம். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ரயில் நிலையத்துக்கு அருகே விக்டோரியா எட்வர்டு மன்றத்திலும் நூலகம் உண்டு. புது நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் நாடகம் பற்றிய அண்மைக்கால நூல்களைப் படிக்கலாம். பழைய நோட்டீஸுக்கு அங்கே போக வேண்டாம்.

காமராசர் பல்கலைக்கழக நூலகம் ஊருக்கு வெளியே தேனிச் சாலையில் இருக்கிறது. வெளியாள் என்றால் முன்கூட்டியே கடிதம் கொடுத்து அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். ஆய்வேடுகள் வேண்டும் என்றால் அங்கே போகும் முன், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் பாருங்கள். ஸ்பெஷல் நாடகம் பற்றிய ஆய்வேட்டில் பின்னிணைப்பாக நோட்டீஸ் படங்களும் பேட்டி கொடுத்தவர்கள் பட்டியலும் இருக்கும். நான் முதலில் பின்னிணைப்பைத்தான் புரட்டுவேன்.

எந்த நூலகத்துக்கும் கிளம்பும் முன் போன் செய்து விடுமுறை நாளையும் சாப்பாட்டு நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

7. இணையத்தில் தேடும்போது

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நாடக நூல்களும் பாட்டுப் புத்தகங்களும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. பதிப்பித்த இடம் ‘புதுமண்டபம், மதுரை’ என்று போட்ட மலிவுப் பதிப்புகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இ. மா. கோபாலகிருஷ்ணக் கோன் போன்ற பதிப்பாளர்கள் அங்கிருந்துதான் புத்தகம் போட்டார்கள்.

எழுத்துதான் இங்கே சிக்கல். அரிச்சந்திரா, ஹரிச்சந்திரா, அரிச்சந்திர விலாசம், சத்தியவான், ஸத்யவான், பவளக்கொடி, பவழக்கொடி. ஒன்றைப் போட்டுக் கிடைக்கவில்லை என்றால் அடுத்ததைப் போடுங்கள். சில பட்டியல்களில் தலைப்பு ரோமன் எழுத்தில், ழ-வுக்கும் ற-வுக்கும் கீழே கோடு போட்டு இருக்கும். கோடு இல்லாமல் தட்டச்சு செய்தாலும் பெரும்பாலும் வந்துவிடும். பழைய அச்சைக் கணினி சரியாகப் படிப்பதில்லை, ஆகவே ‘கிடைக்கவில்லை’ என்று திரை சொன்னால் நம்பிவிடாதீர்கள். தலைப்பைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள்.

கம்பெனி நாடகம் என்றால் அவ்வை தி. க. சண்முகம் எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’ விக்கிமூலத்தில் முழுமையாக இருக்கிறது. 1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் குழுவில் சேர்ந்த சிறுவர்களில் அவர் ஒருவர். அதில் உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். எந்த வருஷம் எந்த ஊரில் கொட்டகை போட்டார்கள் என்று தெரிந்தால் பத்திரிகைக் கட்டில் எங்கே கை வைப்பது என்று தெரிந்துவிடும்.

8. சென்னைப் பயணம்

இங்கே இரண்டு இடம். இரண்டின் குணமும் வேறு.

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தேடித் தேடிச் சேர்த்த தொகுப்பிலிருந்து 1994-இல் உருவானது. நூல்களோடு நோட்டீஸ், அழைப்பிதழ் மாதிரியான துண்டுக் காகிதங்களையும் அவர் சேர்த்து வைத்தார் என்பதால் நமக்கு இதுதான் முதல் இடம். அலமாரிக்குப் போய் நாமே எடுக்க முடியாது; எண்ணைக் கொடுத்தால் எடுத்துத் தருவார்கள். ஆகவே அவர்களுடைய இணையப் பட்டியலை மதுரையிலேயே பார்த்து, வேண்டிய எண்களை எழுதிக்கொண்டு, எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் போங்கள். நான் முதல் தடவை பட்டியல் இல்லாமல் போய், ஒரு முழு நாளை அங்கே உட்கார்ந்து எண் தேடுவதிலேயே கழித்தேன்.

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே காந்தி இர்வின் சாலையில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். இது அரசாங்கத்தின் காகிதம் இருக்கும் இடம். நாடகச் சட்டம் 1876-இல் வந்தது. அதன்படி தடை செய்தது, அனுமதி மறுத்தது, மேடையில் பாடியதற்குக் கைது செய்தது எல்லாம் இங்கே வரும். திருமங்கலத்தில் வாழ்ந்த தியாகி விசுவநாத தாஸ் மாதிரி மேடையில் தேசபக்திப் பாட்டுப் பாடிப் பலமுறை சிறை போனவர்களைத் தேடுவதானால் கட்டாயம் போங்கள். பொதுத்துறை, சட்டத்துறை ஆணைகளின் ஆண்டு அட்டவணையையும், அந்தக் காலத்துச் சுதேசப் பத்திரிகை அறிக்கைகளையும் (இந்திய மொழிப் பத்திரிகைச் செய்திகளை அரசு சுருக்கி வைத்தவை) பாருங்கள். உங்கள் ஆள் அரசாங்கத்தோடு எந்த வம்புக்கும் போகாதவர் என்றால் எழும்பூரில் அவருக்குக் கோப்பு இருக்காது. தாத்தாவுக்காக நான் அங்கே செலவழித்த இரண்டு நாளும் வீண்தான்.

ஒன்று மட்டும் எல்லோருக்கும் உதவும். 1867 சட்டத்தின்படி அச்சான நூல்களைப் பதிவு செய்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் வெளியிட்டார்கள். தலைப்பு, எழுதியவர், அச்சகம், எத்தனை பிரதி, என்ன விலை எல்லாம் அதில் உண்டு. மதுரையில் அச்சான நாடகப் பாட்டுப் புத்தகங்களை வரிசையாக அதில் பார்க்கலாம்.

கொண்டுபோக வேண்டியவை: ஆதாரின் இரண்டு நகல், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ நான்கு, என்ன தேடுகிறீர்கள் என்று ஒரு பக்கக் கடிதம், பென்சில் (பேனாவை எடுத்து உள்ளே வையுங்கள்), வெள்ளைத் தாள். கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ படிப்பவர் என்றால் துறைத்தலைவரின் லெட்டர்ஹெட் கடிதம், அதில் முத்திரை, தேதி. நான் எந்த நிறுவனத்திலும் இல்லாதவள். ஓர் அலுவலகத்தில் கடிதம் இல்லை என்று வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். அடுத்த தடவை எனக்குத் தெரிந்த கல்லூரிப் பேராசிரியர் ஒருவரிடம் அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு போனேன், பிரச்சினை இல்லை. கடிதத்தில் தலைப்பைக் குறுக்கி எழுதாதீர்கள். ‘1955 முதல் 1965 வரை மதுரை வட்டார நாடகங்கள்’ என்று போட்டுவிட்டால் 1954-ஆம் வருஷக் கோப்பைக் கேட்கும்போது தடை வரும். வருஷ எல்லையைத் தாராளமாக வையுங்கள்.

9. செலவும் நாளும்

மதுரையில் பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடிகாலை எழும்பூர். ஆவணக் காப்பகத்துக்கு நடந்தே போகலாம். வண்டி தாம்பரத்தோடு நிற்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். தரமணிக்கு எழும்பூரிலிருந்து மின்சார ரயிலில் பார்க் வரை போய், எதிரே உள்ள பூங்கா நகரில் பறக்கும் ரயில் மாறிக்கொள்ளலாம். ஸ்லீப்பரில் போக வர சுமார் 700 ரூபாய். நான்கு நாள் தங்கல், சாப்பாடு, பிரதிக் கட்டணம் எல்லாம் சேர்த்து எனக்கு 6,400 ஆயிற்று. தங்கல்தான் பாதியைத் தின்றது. சொந்தக்காரர் வீடு இருந்தால் தயங்காமல் போய்த் தங்குங்கள். உறுப்பினர் கட்டணமும் பிரதிக் கட்டணமும் மாறும், போன் செய்தே கேட்டுக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை காலையில் சென்னையில் இருப்பது மாதிரிப் பயணத்தை வையுங்கள். காலையில் கேட்ட கோப்பு சில சமயம் மறுநாள்தான் மேஜைக்கு வரும். வெள்ளிக்கிழமை போய் இறங்கினால் சனி, ஞாயிறு அறை வாடகை வீண். பொங்கல், தீபாவளியை ஒட்டிய வாரங்கள் வேண்டவே வேண்டாம்.

முழு வேலைக்கும் ஆறு மாதம் வையுங்கள். வீடுகளுக்கு ஒரு மாதம், சங்கத்துக்கும் ஊர்களுக்கும் இரண்டு மாதம், மதுரை நூலகமும் இணையமும் சேர்ந்து இரண்டு மாதம். சென்னைக்கு ஒரே வாரம்தான், அதுவும் கடைசியில். வீடுகளை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நான் பார்க்கப் போகலாம் என்று குறித்து வைத்திருந்த இரண்டு கலைஞர்கள், போவதற்குள் இறந்துவிட்டார்கள்.

10. கிடைத்ததை என்ன செய்வது

யார் வீட்டில் காகிதம் வாங்கினீர்களோ அவர்களிடம் அசலைத் திருப்பிக் கொடுங்கள், கூடவே ஒரு நல்ல கலர் பிரிண்டும். பத்திரமாக இருக்கட்டும் என்று அசலை லேமினேட் செய்துவிடாதீர்கள். சூடும் பசையும் பழைய காகிதத்தைக் கெடுத்துவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. செல்லோ டேப்பும் ஆகாது. சில வருஷத்தில் பழுப்புக் கறை ஏறும். மடிப்பை மெதுவாக நீவி, பெரிய வெள்ளைத் தாள்களுக்கு நடுவே படுக்கை வாட்டில் வைத்து, அட்டைக் கோப்பில் போடச் சொல்லுங்கள்.

சங்கரதாஸ் சுவாமிகள் நாடகங்களுக்கு இப்போது பதிப்புரிமை கிடையாது, பாடல்களைத் தாராளமாக எடுத்தெழுதலாம். படத்தில் இருக்கும் மனிதர்கள் விஷயம் வேறு. இணையத்தில் போடும் முன் அந்தக் குடும்பத்தாரிடம் கேளுங்கள், எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சிலர் கட்டாகத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். வாங்கிய அன்றே ஒரு நோட்டில் பட்டியல் போட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். பிறகு நூலகம் ஒன்றிடம் முறையாகக் கொடுப்பதானால் அந்தப் பட்டியலின் நகலோடு கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கடிதம் வாங்கி, அந்தக் கடிதத்தைக் கொடுத்த குடும்பத்திடம் சேர்த்துவிடுங்கள். எங்கள் வீட்டு ரோஸ் நோட்டீஸ் இப்போதைக்குப் பெரியம்மாவிடம்தான் இருக்கிறது. ஆர்மோனியப் பெட்டிக்குள் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. எலி வராமல் பெட்டியின் ஓட்டையைத் தகரம் வைத்து அடைத்துவிட்டு வந்தேன்.